இடிக்குமுன் எழுதிய ஊர்



வரலாறு என்றவுடன் அரண்மனைகளும் போர்க்களங்களும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். எனக்கும் அவ்வாறே தோன்றி வந்தது. ஆயினும் இன்று உங்களிடம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரண்மனை அன்று. என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் உள்ள பழைய குளியலறை ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன். எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உடைய அந்தச் சிறிய அறையை, பணி ஓய்வு பெற்ற பின்னர், என் கையாலேயே புதுப்பிக்கத் தொடங்கினேன். அப்பணி முடிவதற்குள், பல்லாண்டுகள் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை நானே கற்றிருக்கவில்லை என்பது எனக்கு விளங்கிற்று. அதனை மறைக்காமல் உங்களிடம் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

என் ஊர் திருமழபாடி. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த சிற்றூர். வைத்தியநாதர் கோயிலாலும், பங்குனித் திங்களில் நடைபெறும் நந்தி திருக்கல்யாணத்தாலும் ஊரின் பெயரைப் பலரும் அறிவர். தேவாரப் பாடல் பெற்ற தலம் அது. கோயிலுக்கு அண்மையில் உள்ள தெருவொன்றில், 1920-ஆம் ஆண்டை ஒட்டி என் பாட்டனார் கட்டிய வீடு எங்களுடையது. முன்புறம் திண்ணை, நடுவில் முற்றம், பின்புறம் கிணறு, கிணற்றை அடுத்துக் குளியலறை. செங்கற் சுவர், சுண்ணாம்புக் காரை, கருங்கல் பாவிய தரை, ஒரு மூலையில் வெந்நீர் அடுப்பு, அதன்மேல் செம்புத் தவலை, சுவரில் அகல் விளக்கும் சீயக்காய்க் கிண்ணமும் வைப்பதற்கு ஒரு மாடம்: இவ்வளவே அந்த அறை.

அக்காலத்துச் சிற்றூர்களில் குளிப்பதற்கென்று தனி அறை கட்டியவர் சிலரே. ஆடவர் ஆற்றிலோ குளத்திலோ கிணற்றடியிலோ குளித்தனர். பெண்கள் கொல்லையில் கீற்று மறைப்புக்குள் குளித்தனர். என் பாட்டனார் பாட்டியாருக்காகவே அந்த அறையைக் கட்டினார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னர், எனக்கு ஆறு வயதாயிருந்தபோது, 1966-ஆம் ஆண்டை ஒட்டி, என் தந்தையார் அச்சுவர்களின்மேல் சிமென்டுப் பூச்சுப் பூசினார். அது அந்நாளில் புதுமை. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பார்த்துப் பாராட்டினர்.

ஆண்டுகள் சென்றன. தரைக்கல் தேய்ந்து கண்ணாடிபோல் வழுவழுத்தது. நீர் வெளியேறும் தூம்பு அடைத்துக்கொண்டது. சுவரின் அடிப்பாகத்தில் உவர் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒருநாள் காலை என் மனைவி அத்தரையில் வழுக்கி விழுந்தார். நல்வினைப் பயனாக எலும்பு முறியவில்லை. அன்றே அந்த அறையைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்தேன்.

"ஆளை வைத்துச் செய்யலாமே, இந்த வயதில் உங்களுக்கு ஏன்?" என்று உறவினர் கேட்டனர். ஓய்வூதியக்காரனின் கைச்செலவு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது கைத்தொழிலும் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. கையால் செய்து கற்பதே நிலைத்த கல்வி என்பது காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்நாடி. மாணவருக்கு அதை எடுத்துரைத்த நான், ஒரு சுவரைக்கூடக் கட்டியதில்லை. ஆகவே சுத்தியலும் உளியும் கரண்டியும் வாங்கினேன். எங்கள் ஊரில் முதிய கொத்தனார் ஒருவர் உண்டு. அவர் கை நடுங்கத் தொடங்கிவிட்டதால் வேலைக்குச் செல்வதில்லை. அவர் நாற்காலியில் அமர்ந்து வாயால் சொல்ல, நான் கையால் செய்வது என்று ஏற்பாடு. குழாய் பொருத்தும் வேலையையும் மின்சார வேலையையும் மட்டும் அத்தொழில் கற்றவரிடமே விட்டுவிட்டேன். தெரியாததில் கை வைப்பது துணிவு ஆகாது அல்லவா?

முதலில் கொத்தனார் எனக்குத் தரையைக் காட்டினார். "ஐயா, குளியலறைக்கு உயிர் தரைதான். தண்ணீர் நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது, நடந்து போக வேண்டும்" என்றார். பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கில், தூம்பை நோக்கித் தரை சாய வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. அதைக் கேட்டபோது என் நினைவு சிந்து வெளிக்குச் சென்றது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 39 அடி நீளமும் 23 அடி அகலமும் 8 அடி ஆழமும் உடையது அது. நீர் கசியாதிருக்கச் செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, சுவருக்கிடையே நிலக்கீல் பூசியிருந்தனர். ஆனால் எனக்கு அதைவிட வியப்பளிப்பவை அந்நகரத்து வீடுகளிலிருந்த சிறு குளியல் தளங்களே. செங்கல் பாவிய தளம்; ஒரு மூலையை நோக்கிச் சாய்வு; அங்கிருந்து தெருச் சாக்கடைக்கு வழி. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் செய்ததையே கொத்தனார் என்னைச் செய்யச் சொன்னார். மனிதன் நீரோடு பழகிக் கற்ற பாடம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதில்லை.

அடுத்து, சுவர். உவர் பூத்ததற்குக் காரணம் சுண்ணாம்பின் முதுமை என்றே நான் எண்ணியிருந்தேன். கொத்தனார் சிரித்தார். "சுண்ணாம்பு மூச்சு விடும், ஐயா. சிமென்டு அதன் வாயைப் பொத்திவிட்டது" என்றார். அவர் சொன்னது அறிவியலுக்கும் ஒத்ததே. நிலத்தின் ஈரம் செங்கல் வழியாக மேலேறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். இறுகிய சிமென்டுப் பூச்சு அவ்வாறு விடுவதில்லை. ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதில் கரைந்த உப்புச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. சிமென்டு தீயது என்பதன்று இதன் பொருள். அது தனக்குரிய இடத்தில் வலிய துணை. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் அதைப் பூசியதே பிழை.

இங்கே எங்கள் மாவட்டத்தின் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். அரியலூர் நிலப்பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சேறும் படிந்து இறுகியதே இன்று நாம் காணும் சுண்ணாம்புக்கல். அம்மோனைட்டு என்னும் சுருள்வடிவ உயிரினத்தின் புதைபடிவங்கள் இப்பகுதியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்தின் என்பவர் போர்ட்லண்டு சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ஆம் ஆண்டில். அந்தச் சிமென்டுக்கு மூலப்பொருளும் இச்சுண்ணாம்புக்கல்லே; நம் முன்னோர் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்புக்கு மூலப்பொருளும் அதுவே. சுடும்போது கல்லிலிருந்து கரிவளி நீங்குகிறது. நீரில் நீற்றிச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே வளியை மெல்ல மெல்ல உட்கொண்டு சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. ஆகவே எங்கள் குளியலறைச் சுவரும் ஒருவகையில் பழங்கடலின் ஒரு துண்டேயாகும்.

இவற்றையெல்லாம் எண்ணி மகிழ்ந்தபடியே நான் சுவரைக் கொத்தினேன். சிமென்டுப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது; அதனோடு ஒட்டியிருந்த பழங்காரையும் விழுந்தது. மேற்குச் சுவரில் ஓரிடத்தில், சிமென்டுக்கு அடியில் இருந்த காரையில், நேர்கோடு போன்ற ஒரு கீறல் கண்ணில் பட்டது. அன்று பூசியவரின் கரண்டித் தடமாக இருக்கும் என்று எண்ணினேன். உளியை வைத்து அடித்தேன். அதுவும் விழுந்தது. மாலைக்குள் மூன்று சுவர்களும் செங்கல் தெரிய நின்றன. அன்றிரவு நிறைவோடு உறங்கினேன்.

நான்கு நாள் கழித்து என் தமக்கையார் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். கொல்லைக்குச் சென்று அறையை எட்டிப் பார்த்தவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "ஏன் தம்பி, வெள்ளக் கோடு எங்கே?" என்றார்.

"எந்த வெள்ளக் கோடு, அக்கா?"

"தாத்தா வெட்டி வைத்தாரே, அது. அப்பா சிமென்டு பூசியபோது உள்ளே மறைந்தது. நீ சிறு பிள்ளை, உனக்குத் தெரியாது."

அவர் சொன்ன செய்தி இது. 1924-ஆம் ஆண்டு ஆடி மாதம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வந்தது. அந்நாளில் மேட்டூர் அணை இல்லை. அது கட்டி முடிக்கப்பட்டது 1934-ஆம் ஆண்டில். தடுப்பார் இன்றிப் பெருகிய நீர் எங்கள் கொல்லைக்குள் புகுந்து குளியலறையில் நின்றது. நீர் வடிந்தபின் என் பாட்டனார், நீர் நின்ற மட்டத்தில் சுவரிலே ஒரு கோடு கீறி, அதன்மேல் 'ரக்தாட்சி ஆடி' என்று தமிழ் ஆண்டையும் திங்களையும் எழுதி வைத்தார். பாட்டியார் அக்காவைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அக்கோட்டைக் காட்டி, "ஆறு இதுவரை வந்தது, அதை மறக்கக் கூடாது" என்று சொல்வாராம்.

என் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். கரண்டித் தடம் என்று கருதி நான் உளியால் அடித்து வீழ்த்தியது என் பாட்டனாரின் சாசனம். என் தந்தையார் அதனை மூடினார், மூடியது அழியவில்லை. நானோ அழித்துவிட்டேன். அதுவும் எந்த ஊரில்? திருமழபாடியில்!

ஏன் இவ்வாறு சொல்கிறேன் என்பதற்கு விடை எங்கள் கோயிற் சுவரில் இருக்கிறது. முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றினான். அவன் ஆட்சியின் 28-ஆம் ஆண்டில், அதாவது 1012-ஆம் ஆண்டை ஒட்டி, திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு ஆணையிட்டான். அந்த ஆணையோடு மற்றோர் ஆணையும் சேர்ந்து வந்தது. விமானத்தை இடிப்பதற்கு முன்னர், அதன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அவ்வாறே படியெடுத்தனர். பழைய விமானம் பிரிக்கப்பட்டது. இராசராசன் 1014-ஆம் ஆண்டில் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026-இல், புத்தகத்தில் இருந்த எழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. ஆணையிட்ட அரசன் இல்லை; ஆணை நிறைவேறிற்று. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுக் காலம் கல்லின் நினைவைத் தாங்கி நின்றது அந்தப் புத்தகமே. அது ஓலைச்சுவடியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கல்வெட்டுத் துறையினர் 1895-ஆம் ஆண்டில் எங்கள் கோயிற் சுவர்களிலிருந்து படியெடுத்தபோது இச்செய்தியும் உலகுக்குத் தெரியவந்தது.

இவ்வளவு அக்கறை எதற்காக? கோயிற் கல்வெட்டு அழகுக்காக வெட்டப்பட்டதன்று. ஒருவர் அணையா விளக்கெரிக்க ஆடுகளைக் கொடுத்திருப்பார். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுப்பது சோழர் காலத்து வழக்கம். மற்றொருவர் நிலம் கொடுத்திருப்பார். எவ்வளவு நெய், எவ்வளவு நெல், யார் பொறுப்பு என்பனவெல்லாம் சுவரில்தான் பதிந்திருந்தன. சுவர் போனால் சான்று போகும். சான்று போனால் விளக்கு அணையும். ஆகவேதான், இடிக்கும் உரிமை உடைய அரசனே எழுதும் கடமையை முன்வைத்தான்.

இஃது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. இராசராசனுக்கு முன்னர், கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார், செங்கல்லால் ஆகிய கோயில்கள் பலவற்றைக் கற்கோயில்களாகப் புதுப்பித்தார். காவிரிக் கரையிலுள்ள திருக்கோடிகாவில் அவ்வாறு புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த வாசகங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிக்கவும் செய்தனர். அந்தக் குறிப்பின் நேர்மையை நோக்குங்கள். படியை மூலம்போலக் காட்டி ஏமாற்றவில்லை. 'மூலம் வேறு; இது படி' என்று பின்வரும் தலைமுறைக்குச் சொல்லி வைத்தனர்.

இச்செய்தியை நான் எத்தனை வகுப்புகளில் எடுத்துரைத்திருப்பேன்! மாணவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டியும் இருக்கிறேன். ஆனால் கோயிற் சுவருக்கு உரிய நெறி வீட்டுச் சுவருக்கும் உரியது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அக்காவும் நானும் கொல்லையில் கொட்டியிருந்த இடிசல் குவியலைக் கிளறினோம். நெடுநேரத்துக்குப் பின்னர் இரண்டு காரைத் துண்டுகள் அகப்பட்டன. ஒன்றில் 'ரக்தா' என்னும் எழுத்துகள். மற்றொன்றில் கோட்டின் ஒரு சாண் நீளப் பகுதி. எனக்கு மகிழ்ச்சி பொங்கிற்று. அக்காவோ, "எழுத்து கிடைத்தது, தம்பி, உயரம் கிடைக்கவில்லையே" என்றார். அப்போதுதான் ஒரு நுட்பம் எனக்கு விளங்கியது. கல்வெட்டின் பொருள் அதன் எழுத்தில் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் எழுதலாம், பதின்மூன்று ஆண்டு கழித்து வேறொரு கல்லில் வெட்டலாம், பொருள் கெடாது. வெள்ளக் கோட்டின் பொருளோ அது நின்ற இடத்தில் இருக்கிறது. இடம் போனபின், கையில் இருப்பது வெறும் கீறல் விழுந்த காரை.

அது வெறும் பழம்பெருமைக்குரிய செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில், திருச்சியில் 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. முக்கொம்பு மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. மேட்டூர் அணை இருக்கும் காலத்திலேயே ஆற்றின் வலிமை அத்தகையது. என் குளியலறை வேலை நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் புதுவீடு கட்டத் தொடங்கிய இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, உங்கள் வீடுதான் இங்கே பழையது. வெள்ளம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது? கடைக்காலை எவ்வளவு தூக்கிக் கட்டலாம்?" என்று வினவினார். ஒரு வாரத்துக்கு முன்பு வந்திருந்தால், அளவுகோலை வைத்து அங்குலக் கணக்கில் விடை சொல்லியிருக்கலாம். அந்த விடையை நானே உளியால் கொத்திக் குப்பையில் கொட்டியிருந்தேன். அவரிடம் இரண்டு நாள் தவணை கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் நாங்கள் செய்தது வரலாற்று ஆராய்ச்சியே ஆகும். முதலில் சாட்சியை விசாரித்தேன். கோடு எங்கே இருந்தது என்று அக்காவைக் கேட்டேன். "மாடத்துக்கு மேலே ஒரு சாண்" என்றார். மாடம் செங்கல்லில் அமைந்தது. நல்லவேளையாக நான் அதைத் தொடவில்லை. "யாருடைய சாண், அக்கா? சிறுமியாக இருந்த உங்கள் சாணா, பாட்டியின் சாணா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "நான் கையை வைத்து அளந்தது நினைவிருக்கிறது, பாட்டி அளந்ததும் நினைவிருக்கிறது. எது ஒரு சாண் என்று சொல்ல முடியவில்லை" என்றார். உண்மையான சாட்சி அப்படித்தான் பேசும். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை.

அடுத்து, அளவெடுத்தேன். பழைய தரைக்கற்களை நான் பெயர்த்துவிட்டாலும், நீர் வெளியேறும் தூம்பின் வாய் சுவரில் அப்படியே இருந்தது. ஆகவே பழைய தரையின் மட்டத்தை அறிய முடிந்தது. அங்கிருந்து மாடத்தின் மேல்விளிம்பு மூன்றடி ஆறு அங்குலம். சிறுமியின் சாண் ஆறரை அங்குலம் என்று கொண்டால், கோடு நின்ற உயரம் நான்கடி அரை அங்குலம். பாட்டியாரின் சாண் ஒன்பது அங்குலம் என்று கொண்டால், நான்கடி மூன்று அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ 1924-ஆம் ஆண்டின் வெள்ளம் நின்றது. கொத்தனார்கள் நீர் நிரப்பிய நீண்ட குழாயைக் கொண்டு ஓரிடத்து மட்டத்தை வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்வர். அவ்வாறே மட்டம் பார்த்து, அந்த இளைஞரின் மனையில் ஒரு முளையடித்துக் கொடுத்தோம். "இது ஏறத்தாழத்தான், இரண்டரை அங்குலம் கூடவோ குறையவோ இருக்கலாம். கூடுதலையே கணக்கில் கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அவர் அவ்வாறே கட்டினார்.

அதன் பின்னர் நான் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். ஒரு கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னும் அதன் இடம், நீளம், அகலம், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பனவற்றை எழுதினேன். வெந்நீர் அடுப்பின் வடிவத்தை வரைந்தேன். அதன் பின்னரே இடித்தேன். இதனால் வேலை தாமதமாயிற்று என்று சொல்ல முடியாது. கற்களுக்கு எண்ணிட்டிருந்ததால் திரும்பப் பாவுவது எளிதாயிற்று.

அறை எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் நீரில் ஊறப்போட்டுப் பல நாள் வைத்திருந்தோம். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. ஆகவே நீங்கள் எவரும் பெரியவர் துணையின்றி அதனருகில் செல்லலாகாது. செங்கற்பொடியாகிய சுர்க்கியும் மணலும் அந்தச் சுண்ணாம்பில் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்தோம். சுட்ட செங்கற்பொடி சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். உரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்துப் பெற்ற பயனை, நம் நாட்டுக் கொத்தர் செங்கற்பொடியால் பெற்றனர். பூசிய காரை வெடிக்காதிருக்க, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினேன். பழைய தரைக்கற்களைப் புரட்டிப் போட்டு, தேயாத முகத்தை உளியால் பொளிந்து, கால் வழுக்காதபடி சொரசொரப்பாக்கிச் சாய்வோடு பாவினேன். பிடித்துக்கொண்டு எழுவதற்குச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினேன். என் மனைவி முதல் நாள் குளித்துவிட்டு வந்து, "தரை காலைப் பிடித்துக்கொள்கிறது" என்றார். ஆசிரியப் பயிற்சியில் நான் பெற்ற எந்த மதிப்பெண்ணும் அவ்வளவு இனித்ததில்லை.

மேற்குச் சுவரில் இப்பொழுது இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று நான்கடி அரை அங்குலத்தில். மற்றொன்று நான்கடி மூன்று அங்குலத்தில். இடையில் ஒரு கற்பலகை பதித்திருக்கிறேன். கொத்தனார் எழுத்தைச் சரிபார்க்க, நானே உளி கொண்டு வெட்டினேன். 'ரக்தாட்சி ஆடி, 1924. வெள்ளம் இவ்விரு கோட்டுக்கு இடையில் நின்றது. மூலக் கோடு பழுதுபார்க்கையில் அழிந்தது. இது நினைவிலிருந்து எழுதிய படி' என்பது அதன் வாசகம். "அழிந்தது என்று ஏன் போட வேண்டும், ஐயா? யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கொத்தனார் கேட்டார். திருக்கோடிகாவில் எழுதிய கல்தச்சர்களை நினைத்துக்கொண்டேன். ஒற்றைக் கோடாகப் போட்டிருந்தால் அது அழகாக இருந்திருக்கும். ஆனால் பொய்யாக இருந்திருக்கும். கிடைத்த காரைத் துண்டுகள் இரண்டையும் மாடத்திலேயே வைத்திருக்கிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீடுகளிலும் பழையன இருக்கும். அவற்றுள் பல இடிக்கப்படவும் வேண்டும். வாழும் வீடு காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும். இராசராசனும் பழைய விமானத்தை இடிக்கத்தான் செய்தான். ஆனால் இடிப்பதற்கு முன்னர் எழுதினான். உங்கள் வீட்டில் நிலைக்கதவின் மேல் ஓர் ஆண்டு பொறித்திருக்கலாம். தூணில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் இருக்கலாம். கிணற்றுச் சுவரில் ஒரு பெயர் இருக்கலாம். அவை என்ன, எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதும்போது வீட்டில் உள்ள முதியவரை அருகில் அமர்த்திக் கேளுங்கள். என் தமக்கையார் நான்கு நாள் முன்னதாக வந்திருந்தால், என் சுவரில் இன்று இரண்டு கோடுகள் இருந்திரா, ஒன்றே இருந்திருக்கும்.